குளிரில் குண்டு தாழும்

மூன்று நாளாய் மழை விடவில்லை.
ஜாலான் காயுவில் இருபத்திரண்டு பாகை.
பேருந்து நிறுத்தத்தில் ஆளாளுக்குக் குளிர்சட்டை,
அந்துருண்டை வாசத்தோடு.
அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு
காலுறை மாட்டிக்கொண்டு
பின்கதவருகே நிற்கிறேன்,
எதிரிக்காக.

எதிரி என்றால்
ஒரு சாண் உடம்பு, ஒரு சாண் வால்,
செங்கல் நிற வயிறு.
நவம்பரில் ஜம்பு மரத்தை முடித்தது.
பழத்துக்கு ஒரே ஒரு கடி,
பத்திரத்தில் பக்கம்தோறும்
சுருக்கொப்பம் இடுவதுபோல.
டிசம்பரில் சலவை இயந்திரத்தின் குழாய்.
போன செவ்வாய் இணையக் கம்பி.
மேலதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்த விசாலாட்சி
பாதி வாக்கியத்தில், வாய் திறந்தபடி,
திரையில் உறைந்துபோனாள்.

"சுட்டுத் தள்ளு" என்கிறான்
டுலூத்திலிருந்து தம்பி மணிமொழியன்.
அங்கே அவனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி.
தோட்டத்தைத் துளைக்கும் சிப்மங்குகள்,
முதுகில் ஐந்து கோடு.
குளிர் இறங்கியதும் அவை வாசற்படிக்கடியில் வளை தோண்ட,
இவன் வலது கையுறையில்
சுட்டுவிரலை மட்டும் கத்தரித்துவிட்டு
கார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தானாம்.
அக்டோபரில் பதினொன்று.
கணக்கு, குளிர்பதனப் பெட்டிக் கதவில்,
பிள்ளைகளின் பல் மருத்துவர் தேதிக்குப் பக்கத்தில்.
இப்போது மைனஸ் பதினேழு.
மிச்சமெல்லாம் மண்ணுக்குள் தூங்குகின்றன.
"எழட்டும், மார்ச்சில் பார்த்துக்கிறேன்."
பிறகு பாடம்:
"குளிர்ல எண்ணெய் இறுகும்,
காத்துக்கு வலு போயிடும்,
குண்டு தாழும்.
ரெண்டு விரக்கடை மேல குறி வை."

துப்பாக்கியா, இந்த ஊரிலா?
வைத்திருந்தால்
அணிலுக்கு முன்னால் நான்தான் கூண்டுக்குள்.

ஆனால் தோள் மறக்கவில்லை.
தேசிய சேவை, பத்தொன்பது வயது,
பாசிர் லாபாவின் ஈரச் செம்மண்ணில் முழங்கை,
மூச்சைப் பாதி விட்டு
மீதியை நிறுத்திவைக்கும் அந்த அரை நொடி.
குறிசுடுபவன் என்று சின்னம்கூடக் கொடுத்தார்கள்.
முப்பத்திரண்டு வருடமாய் அது பொத்தான் டப்பாவில்.
சுட்டதெல்லாம் அட்டை மனிதர்களை.

நாலேகாலுக்கு வருகிறது.
ரோஹானா மாச்சிக் வீட்டுக் கூரையிலிருந்து மதில்,
மதிலிலிருந்து குழாய்,
குழாயிலிருந்து
துணி உலர்த்தியின் வெப்பக் காற்று வெளியேறும் ஓட்டைக்கு முன்னால்.
நனைந்த வால் பழைய ஷூ நாடாபோல் தொங்குகிறது.
முன்னங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து
உட்கார்ந்துவிட்டது.

துணி காயவைக்கும் மூங்கிலை எடுத்தேன்.
தோளில் பொருத்தினேன்.
மூன்று மீட்டர்.
மூச்சைப் பாதி விட்டேன்.

இதற்கு முதுகில் கோடே இல்லை.
மூன்று விரலால் இதை யாரும் தடவியதில்லை,
எந்தப் பாலத்துக்கும் இது மண் சுமந்ததில்லை.
என் போர்வையின், என் காலுறைகளின் சூட்டில்
கண்ணை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.
விலாவில் நடுக்கம்
ஊசி தைப்பதுபோல் ஓடுகிறது.

"டப்" என்றேன்,
சத்தம் வராமல், உதட்டால்.
ஒரு காது அசைந்தது.

அதே நேரம் உலர்த்தி நின்றது.
சுற்று முடிந்துவிட்டது, துணி காய்ந்துவிட்டது.
அணில் கண் திறந்து
ஓட்டையைப் பார்த்தது,
கடை மூடும் நேரத்தில் வந்த வாடிக்கையாளர்போல.

மூங்கிலைச் சாய்த்துவைத்தேன்.
துணியை வெளியே அள்ளிப் போட்டுவிட்டு
வெறும் இயந்திரத்தை
இன்னொரு இருபது நிமிடத்துக்கு முடுக்கினேன்.
மின்கட்டணத்தை விசாலாட்சிதான் பார்ப்பாள்.
பார்க்கட்டும்.

மழை தூறலானதும் இரும்புச் சாமான் கடைக்குப் போய்
கம்பிக்கு உறையாக இரண்டு மீட்டர் குழாய்,
பதினான்கு வெள்ளி அறுபது காசு.
கடைக்காரர் கேட்டார், "எலியா?"
"இல்லை, குளிர்" என்று சொல்லிவிட்டேன், ஏனோ.

இரவு பத்துக்குத் தம்பியின் செய்தி:
அடிச்சியா?

தட்டச்சு செய்து, அழித்து, மறுபடி செய்தேன்:
தப்பிடுச்சு.
இங்கேயும் குளிர்.
குண்டு தாழ்ந்துபோச்சு.